கடைவீட்டுச் சுவரில் ஏறும் ஈரம்: கடுக்காய்க் காரை பூசினால் நிற்குமா?

பசார்தெரு | 02.03.2024
பினாங்கு ஜார்ஜ் டவுன், லெபோ பசார் பக்கம் ஒரு கடைவீடு. மரபுக் கட்டடங்களில் இரண்டாம் வகை, இரண்டு தளம். கீழே துணிக்கடை, மேலே காலி. கீழ்ச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசி, தண்ணீர் புகாத சாயம் அடித்தாயிற்று. இப்போது ஈரம் நெஞ்சு உயரத்தில் நிற்கிறது, சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசியது நூறு வருடமாக நிற்கிறதே, அதையே இங்கே பூசினால் ஈரம் அடங்குமா? மேல் தளத்தைக் காப்பிக்கடை ஆக்கும் எண்ணமும் உண்டு.

காரைக்கை | 02.03.2024, இரவு
அடங்காது.

கடுக்காய் ஈரத்துக்கு மருந்து இல்லை. அது காரையின் குழைவுக்கும் இறுக்கத்துக்கும் போடுவது. உங்கள் சுவரின் கோளாறு வேறு. ஜார்ஜ் டவுன் கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அடியில் ஈரத்தடுப்புப் படலம் என்று எதுவும் கிடையாது, யாரும் போட்டதில்லை. மண்ணிலிருந்து தண்ணீரைச் சுவர் உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளை வழியாகக் காற்றில் விட்டுவிடும். வரவும் செலவும் சரியாக இருந்தவரை ஈரம் இடுப்பு உயரத்தில் நின்றது. சிமெண்டும் தண்ணீர் புகாத சாயமும் செலவை அடைத்துவிட்டன. தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும் உயரம் வரை ஏறிக்கொண்டேதான் போகும். இடுப்பு நெஞ்சானது அப்படித்தான். இன்னும் ஒரு பட்டை சிமெண்டு பூசுங்கள், கழுத்துக்கு வரும்.

கொப்புளம் தண்ணீரால் வருவதில்லை, உப்பால் வருகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிறது. படிகம் வளரும்போது முன்னால் இருப்பதைத் தள்ளும். முன்னால் சுண்ணாம்பு இருந்தால் அது பொடியும். சிமெண்டு இருந்தால் அது பொடியாது, பின்னால் இருக்கும் செங்கல் பொடியும். சுண்ணாம்பு போனால் பூசிக்கொள்ளலாம். 1880களின் செங்கல் போனால் எங்கே போய் வாங்குவீர்கள்?

ஓட்டுக்கூரை | 03.03.2024
சிமெண்டு பூசினவர் உங்களுக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டார். நீங்கள் அதையே சுவருக்கும் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

காரைக்கை | 03.03.2024
சுவரில் கை வைக்குமுன் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். பாதி வீடுகளில் மண் ஈரம் என்று சொல்வது மண் ஈரமே இல்லை.

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மீட்டரைப் பாருங்கள். நகர்ந்தால் சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது. நடுமுற்றத்து வடிகாலில் நாலைந்து வாளி தண்ணீரை ஒரே மூச்சாக ஊற்றி, பின் லோங்காங்கில் (வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில்) எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். தேங்கினால் தரைக்கு அடியில் பழைய மண்குழாய் உடைந்திருக்கும். மழை வலுக்கும்போது இரு கூரைக்கும் நடுவே உள்ள பெட்டிக் காலுவாயைப் பாருங்கள். இலை அடைத்து வழிந்தால் பக்கத்து வீட்டோடு பங்கிடும் பொதுச்சுவரின் தலை வழியாகத் தண்ணீர் இறங்கும், கீழே வந்து மண் ஈரம் மாதிரி வேஷம் போடும். அடுத்தது மட்டம். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையையும் சிமெண்டு ஊற்றி உயர்த்திவிட்டார்கள். கடைத்தரை இப்போது வெளியை விடத் தாழ்வாக இருந்தால், ஒவ்வொரு மழைக்கும் சுவரின் அடி குளிக்கிறது என்று அர்த்தம்.

தரையில் என்ன கல்? பழைய சுட்டமண் ஓட்டுத்தரையை மூடி வழவழப்பான பீங்கான் ஓடு ஒட்டியிருந்தால், தரை வழியாக ஆவியான தண்ணீரும் சுவர்ப் பக்கம் ஒதுங்கும். பலர் சுவரை மட்டும் திட்டுவார்கள்.

ஈர எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். செலவில்லாத கருவி அதுதான்.

பசார்தெரு | 09.03.2024
மீட்டர் நகரவில்லை. காலுவாய் அடைத்திருந்தது, எடுத்தாயிற்று. தரை முழுக்கப் பீங்கான் ஓடு. ஹார்ட்வேர் கடையில் வாங்கிய ஈரமானியைக் குத்தினால் 2 மீட்டர் உயரம் வரை சிவப்பு விளக்கு எரிகிறது, அக்கா.

காரைக்கை | 09.03.2024
அந்த ஊசிக் கருவி மரத்துக்குச் செய்தது. சுவரில் உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாகக் கடக்கும், கருவி ஈரம் என்று கத்தும். எடைதான் பொய் சொல்லாது.

துளைக்கருவியில் 9 மி.மீ. அலகு, மெதுவான வேகம். வேகமாகப் போனால் சூட்டில் ஈரம் பறந்துவிடும். தரையிலிருந்து 30 செ.மீ., 1 மீட்டர், 1.5 மீட்டர், 2 மீட்டர் என நாலு உயரத்தில், ஒரே நேர்கோட்டில் துளையிடுங்கள். பூச்சு தாண்டும் வரை வரும் தூளைத் தள்ளிவிட்டு, செங்கல்லில் 8 செ.மீ. ஆழம் வரை வரும் தூளை மட்டும் மூடியுள்ள சின்ன டப்பாவில் பிடித்து உடனே மூடவேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசு தேவை. முதலில் ஈர எடை. அடுத்து, அதே தூளை மூடியில்லாத தட்டில் பரப்பி, கீழே தண்ணீரால் நன்றாக நனைத்த சமையல் உப்பு வைத்த காற்றுப்புகாப் பெட்டிக்குள் எடை மாறாமல் நிற்கும் வரை வையுங்கள். முழுதும் கரையாமல் மிச்சம் நிற்கும் உப்புக் கரைசல் பெட்டிக்குள் காற்றை 75 விழுக்காடு ஈரப்பதத்தில் பிடித்து வைக்கும். அந்த எடையைக் குறியுங்கள். கடைசியாக 105 பாகை அடுப்பில் எடை மேலும் இறங்காமல் நிற்கும் வரை உலர்த்தி மீண்டும் நிறுங்கள்.

முதல் எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால் சுவரில் இருந்த மொத்தத் தண்ணீர். இரண்டாவதிலிருந்து கழித்தால் உப்பு காற்றிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும் தண்ணீர். இரண்டையும் உலர்ந்த எடைக்கு விழுக்காடாகப் போட்டு இங்கே எழுதுங்கள். அடுப்பை வீட்டு அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பசார்தெரு | 24.03.2024
மொத்தம் / உப்பு இழுப்பது:
30 செ.மீ.: 13 / 3
1 மீ.: 9 / 5
1.5 மீ.: 6 / 5.5
2 மீ.: 2 / 1

காரைக்கை | 24.03.2024
அருமையான கணக்கு. கீழே 13இல் 3தான் உப்பின் வேலை, மீதி 10 மண்ணிலிருந்து ஏறுவது. 1.5 மீட்டரில் 6இல் 5.5 உப்பின் வேலை. அங்கே மண் ஈரம் கிட்டத்தட்ட இல்லை. முன்பு ஏறிய தண்ணீர் கொண்டுவந்து விட்ட உப்புதான் இரவுக் காற்றைக் குடித்து ஈரமாக நிற்கிறது. ஆக உங்களுக்கு இரண்டு நோய். கீழே தண்ணீர், மேலே உப்பு. ஒரே மருந்து கேட்காது.

மாடிவீட்டான் | 25.03.2024
அடியில் துளை போட்டு மருந்து செலுத்தி ஈரத்தை வெட்டுகிறார்களே, அதைச் செய்துவிட்டால் போதாதா?

காரைக்கை | 25.03.2024
சிலிக்கோன் கூழ் மருந்து. கீழ்க் காரை மட்டத்தில் 12 மி.மீ. துளை, 12 செ.மீ.க்கு ஒன்று, சுவர்க் கனத்தில் பெரும்பகுதிக்கு உள்ளே போகவேண்டும். வேலை செய்யும், அந்த மட்டம் முழுக்கத் தொடர்ந்து இருந்தால். பழைய சுவரின் நடுவில் உடைசலும் பொந்தும் இருக்கும், மருந்து பொந்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஒப்பவேண்டும், அவர் பக்கத்துப் பூச்சும் சிமெண்டாக இருந்தால் பயன் பாதி. எல்லாம் சரியாக அமைந்தாலும் 1.5 மீட்டரில் நிற்கும் உப்பு அப்படியே இருக்கும். மருந்து போட்டுவிட்டு மறுபடி சிமெண்டு பூசித் தருபவர்களிடம், அந்தச் சிமெண்டு எதற்கு என்று கேளுங்கள். மருந்தில் நம்பிக்கை இருப்பவர் ஏன் மூடவேண்டும்?

முதலில் சிமெண்டை எடுங்கள். மூன்று மாதம் பாருங்கள். தேவைப்பட்டால் பிறகு துளை போடலாம். துளை போட்டபின் எடுக்க முடியாது.

காரைக்கை | 26.03.2024
எடுக்கும் முறை. கொத்துவதற்கே அனுமதி வேண்டும். மாநகர் மன்றத்தின் மரபுப் பிரிவில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உலக மரபுத் தளத்துக்குள் இருக்கும் கட்டடத்துக்கு 2016 செப்டம்பர் 1இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம்தான் சட்டம். முதலாம் வகை நினைவுச்சின்னங்கள், இரண்டாம் வகை உங்களுடையது போன்றவை. முகப்பு, கூரை வடிவம், நடுமுற்றம், படிக்கட்டு எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். பழுதுபார்ப்புக்கு ஒரு விண்ணப்பம், காப்பிக்கடைக்கு உபயோக மாற்றம் தனி விண்ணப்பம். இரண்டையும் குழப்பினால் இரண்டும் நிற்கும்.

மின்சார உடைப்பான் வேண்டாம். அகல உளியும் 1 கிலோ சுத்தியலும். ஓரத்திலிருந்து தொடங்கி உளியைச் சாய்த்துப் பிடித்து நெம்புங்கள். கொப்புளித்த இடத்தில் பலகை பலகையாக வந்துவிடும். எங்கே செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வருகிறதோ அங்கே நிறுத்துங்கள், அந்த இடம் பல வருடம் கழித்துத் தானே விடும். ஈரக் கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை எடுக்கவேண்டும். மணலாகிப்போன காரை இடுக்கை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள்.

தண்ணீர் அடித்துக் கழுவவே கூடாது. வெளியே வந்த உப்பைக் கரைத்து மறுபடி உள்ளே அனுப்புவது அது. உலர்ந்த துடைப்பம், தூசி உறிஞ்சி, அவ்வளவுதான். கொத்திய குப்பையைச் சுவரோரம் குவித்து வைக்காதீர்கள், மழையில் நனைந்து அந்த உப்பு திரும்பச் சுவருக்கே போகும். அன்றன்றைக்கு மூட்டை கட்டி வெளியேற்றுங்கள்.

சுவரிலிருந்து ஒரு சாண் அகலத்துக்குப் பீங்கான் ஓட்டை வெட்டி எடுத்து, அடியில் உள்ள சிமெண்டையும் நீக்கி, கூழாங்கல் போட்டு விடுங்கள். சுவரின் அடி மூச்சுவிடும்.

காரைக்கை | 26.03.2024, கொஞ்சம் கழித்து
சுவர் உலர மாதத்துக்கு ஓர் அங்குலம், 9 அங்குலச் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தால் நாலைந்து மாதம்.

காரைக்கை | 02.04.2024
மேலே சொன்ன அங்குலக் கணக்கை நம்பி நாள் குறிக்காதீர்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. காற்று உலர்ந்திருக்கும் இடத்துக்குப் பொருந்தும். பினாங்கில் காற்றே பாதி தண்ணீர். பொதுச்சுவரில் உங்கள் பக்கம் மட்டும்தான் திறந்திருக்கிறது, அதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை துளையிட்டு நிறுங்கள். 30 செ.மீ.இல் எண் இரண்டு முறை தொடர்ந்து அசையாமல் நின்றால் அதுவே உங்கள் சுவரின் இயல்பு. சுழியத்துக்கு வராது, வரவேண்டியதும் இல்லை.

ஓட்டுக்கூரை | 05.04.2024
மேல் தளத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. காலுவாய் அடைத்து வழிந்தது என்றால் உத்திரங்களின் நுனியைப் பாருங்கள். உத்திரம் சுவருக்குள் புகும் பொந்தில்தான் மக்கும், நடுவில் இரும்பு மாதிரி இருக்கும். கூரான திருப்புளியைச் சுவரை ஒட்டிக் குத்துங்கள். 1 செ.மீ.க்கு மேல் இறங்கினால் மக்கல். தட்டினால் பொத்தல் ஓசை கேட்டால் கரையான். செங்கால் போன்ற உறுதியான மரமே ஆனாலும் நுனி ஈரத்தில் ஊறினால் போகும். மெரந்தி போன்ற இளக்கமான மரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. நல்ல மரம் வரும் வரை நறுக்கி, அதே இன மரத்தில் சாய்வெட்டு ஒட்டு போட்டு, துருப்பிடிக்கா எஃகு போல்ட்டால் இறுக்கலாம். நறுக்குமுன் முட்டுக்கொடுங்கள், மறக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொந்தில் திரும்ப வைக்கும்போது சுற்றிலும் 2 செ.மீ. காற்றிடம் விடுங்கள். சிமெண்டால் அடைத்தால் ஐந்தாறு வருடத்தில் மறுபடி அதே கதை.

கரையானுக்குத் தரையைத் துளைத்து மருந்து ஊற்றுவதை விட இரைப்பெட்டி நல்லது. சுண்ணாம்புச் சுவருக்குள் இன்னொரு திரவத்தை ஏற்றவேண்டாம். கரையான் கட்டிய மண்குழாய் கண்டால் உடைக்காதீர்கள், அங்கேயே இரையை வைத்தால்தான் புற்றுக்குப் போகும்.

காரைக்கை | 06.04.2024
நன்றி. காப்பிக்கடைக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. 1984 கட்டட விதிகளில் வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. ஆள் கூடும் இடத்துக்கு 4, இருக்கை கட்டிவைக்காத கூடம் என்றால் 5. பலகைத் தளம் குடும்பத்துக்குப் போட்டது. கட்டமைப்புப் பொறியாளர் உத்திரத்தின் அளவையும் இடைவெளியையும் அளந்து கணக்குப் போடாமல் ஒரு மேசை கூட ஏற்றாதீர்கள். தாங்காது என்றால் உத்திரங்களுக்கு நடுவே புதிய உத்திரம் சேர்க்கலாம். பழையதைத் தொடாமல், பின்னால் கழற்றக்கூடிய மாதிரி. மேலே கான்கிரீட் ஊற்றச் சொன்னால் வேண்டாம். அந்தப் பளு கடைகாலுக்கு இறங்கும், அது ஆழமில்லாதது.

பொம்பா (தீயணைப்புத் துறை) கேட்பது வேறு. பலகைக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாகக் கீழ்த்தளத்துப் புகை நேராக மேலே வரும். கீழே துணிக்கடை! தீ தாங்கும் பலகையை உத்திரங்களுக்கு இடையில், பலகைக்கு அடியில் பதித்தால் உத்திரம் கண்ணுக்குத் தெரியும்படியே விடலாம். இல்லையென்றால் சூட்டில் புடைக்கும் தீத்தடுப்புச் சாயம். வெளியேறும் வழி ஒரே மரப்படி என்றால் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் அனுமதி கிடைக்கும்.

அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் மேலே போகவே கூடாது. பின்கட்டில், தரையில். மேலே காப்பி இயந்திரம் ஒன்று, அதற்கும் அடியில் வடிதட்டு, வெளியே தெரியும் குழாய். சுவருக்குள் குழாய் புதைத்தால் ஒழுகுவது தெரியும்போது உத்திரம் போயிருக்கும்.

மாடிவீட்டான் | 06.04.2024
பேசாமல் கீழ்த்தளத்தையே காப்பிக்கடை ஆக்கிவிட்டு, துணியை மேலே ஏற்றலாமே.

காரைக்கை | 06.04.2024
துணிக்கட்டின் எடை தெரியுமா? மேசை நாற்காலியை விட மோசம். ஆனால் கீழே காப்பிக்கடை என்பது சரியான யோசனை. அடுப்பு தரையில், கூட்டம் தரையில், மேல் தளம் அலுவலகத்துக்கு 2.5 கணக்கில் அடங்கிவிடும். நான் கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன். கட்டடத்துக்கு ஏற்ற தொழிலைத் தேடுவதுதான் மலிவு.

பசார்தெரு | 07.04.2024
அப்படியானால் துணிக்கடைதான் போகவேண்டும். அப்பாவிடம் யார் சொல்வது? குளிர்சாதனம் போடலாமா?

காரைக்கை | 07.04.2024
நடுமுற்றத்தை மூடித்தான் போடவேண்டும் என்றால் வேண்டாம். ஒளிபுகும் தகட்டால் மூடிய முற்றம் சூட்டையும் ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும். மழைக்குத் தகடு வேண்டுமென்றால் கூரைக்கு மேல் உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். குளிர்சாதனத்தைப் பின்னறைக்கு மட்டும், அதுவும் 25, 26 பாகையில், விசிறியோடு. வெளியே 31 பாகை, 70 விழுக்காடு ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் நிலை, 25 பாகை. நீங்கள் 20இல் வைத்தால் சுவர் பனிப்புள்ளிக்குக் கீழே குளிரும், மறுபுறம் வியர்க்கும், பூசணம் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சண்டைக்கு வருகிறார் என்று உங்களுக்குப் புரியாது.

பசார்தெரு | 14.07.2024
30 செ.மீ.இல் மொத்த ஈரம்: மேயில் 10, ஜூனில் 8, ஜூலையில் 8. பென்சில் கோடு 40 செ.மீ. இறங்கிவிட்டது. பூசலாமா?

காரைக்கை | 14.07.2024
துளை மருந்து இல்லாமலே 13 எட்டானது. ஆமாம், பூசலாம்.

சுண்ணாம்பு: ஈப்போ பக்கத்துச் சுட்ட சுண்ணாம்பு கிடைத்தால் நீங்களே நீர்க்கவைக்கலாம். தண்ணீரில் சுண்ணாம்பைப் போடவேண்டும், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் நீளக் கையுறையும் கட்டாயம், பிளாஸ்டிக் வாளி உருகும். சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்க மூன்று மாதம் ஊறவேண்டும். உங்களுக்கு நேரமில்லை என்றால் ஊறிய சுண்ணாம்பாகவே வாங்குங்கள். பைத்தூள் சுண்ணாம்பு கடைசி வழி. பை பழசானால் பாதி ஏற்கெனவே காற்றில் செத்திருக்கும். புதுப் பையை ஒரு நாளாவது ஊறவைத்து எடுங்கள்.

ஊறல் சுண்ணாம்பு 1, மணல் 3. மணலுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதை நிரப்பத்தான் இந்த ஒன்று. கூர்மையான, சிறிதும் பெரிதும் கலந்த, கழுவிய ஆற்றுமணல். கடல்மணல் என்றால் உப்பை நாமே காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறோம். தண்ணீர் சேர்க்காமல் மிதித்தும் இடித்தும் குழைத்தால் தானே இளகும். தண்ணீர் விட்டு இளக்கியது வெடிக்கும். மணலில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து நன்கு சுட்ட செங்கல் தூள் போட்டால் ஈரத்திலும் இறுகும்.

ஒரு பூச்சு 1 செ.மீ.க்கு மேல் வேண்டாம். சுவரை முந்தின நாளே மெல்லத் தெளித்து நனையுங்கள், ஓடவிடாதீர்கள். முதல் பூச்சைக் கீறிவிட்டு, நகம் பதியாமல் இறுகும் வரை காத்திருந்து அடுத்தது. தெருப்பக்க வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கட்டும்.

காரைக்கை | 16.07.2024
திருத்தம். 1க்கு 3 என்பது உலர்ந்த மணலுக்கு. ஈரமணல் உப்பி நிற்கும், கால் பங்கு வரை கூட. சட்டியால் ஈரமணலை அளந்தால் நீங்கள் மூன்று என்று நினைப்பது உண்மையில் இரண்டரைக்கும் குறைவு, சுண்ணாம்பு மிஞ்சி வெடிக்கும். ஒரு சட்டி ஈரமணலைத் தகரத்தில் வறுத்து உலர்த்தி மறுபடி அளந்து, எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொண்டு ஈடுகட்டுங்கள்.

கடுக்காயைப் பற்றியும் முதல் நாள் எடுத்தெறிந்து பேசிவிட்டேன். இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர் காரையைக் குழைவாக வைக்கும், தண்ணீர் தேவையைக் குறைக்கும், அதனால் வெடிப்பு குறையும். வெளிமுகப்புக்கும் மேல் தளத்துக்கும் நான் மறுக்கமாட்டேன். கீழ்த்தள உட்சுவரில் வேண்டாம். வெல்லமும் முட்டையும் பூசணத்துக்குச் சாப்பாடு. செட்டிநாட்டில் காற்று காய்ந்தது, வீடு திண்ணை உயரத்தில் நிற்கிறது. இங்கே சாலை வீட்டை விட உயரம். ஆசை இருந்தால் ஓர் அடிச் சதுரமாக மூன்று மாதிரி பூசி, ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பசார்தெரு | 08.09.2024
இரண்டாம் பூச்சு முடிந்தது. தெருப்பக்கச் சுவரில் மட்டும் மயிர்வெடிப்பு. மாதிரியில் வெல்லம் போட்டதில் கருப்புப் புள்ளி வந்துவிட்டது, நீங்கள் சொன்னது சரி.

காரைக்கை | 08.09.2024
தெருப்பக்கம் மட்டும் என்றால் வேகமாகக் காய்ந்திருக்கிறது, சாக்கு போடவில்லை. எல்லா இடத்திலும் வந்திருந்தால் மணலில் களிமண் இருக்கிறதா என்று கண்ணாடிக் குப்பியில் குலுக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். மயிர்வெடிப்புக்குத் தண்ணீர் தெளித்து மணியாசிக் கட்டையால் (பூச்சைச் சமனாக்கும் மரக்கட்டை) வட்டமாகத் தேய்த்து மூடுங்கள். மிச்சத்தைச் சுண்ணாம்புப் பால் மூடிவிடும். ஊறல் சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்து, மெல்லிசாக ஐந்து தடவை, தடவைக்கு ஒரு நாள். அடிக்கும்போது சுவர் தெரியவேண்டும், காய்ந்தபின்தான் வெளுக்கும். கெட்டியாக அடித்தால் பொடியாகக் கையில் ஒட்டும். நிறத்துக்கு மண்நிறமிகள், சுண்ணாம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். லெபோ லீத்தில் உள்ள சியோங் பட் ஸீ மாளிகையின் நீலம் சுண்ணாம்பில் கலந்த அவுரி நீலம். உங்களுக்கு எந்த நிறம் என்பதை மன்றத்திடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கீழ் ஒரு மீட்டரில் வெள்ளைப் பொடி பூக்கும். பயப்படவேண்டாம், உப்பு வெளியே வருகிறது. உலர்ந்த துடைப்பத்தால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். அந்தப் பட்டை ஓரிரு வருடத்தில் பொடிந்து விழுந்தால் அதை மட்டும் கொத்தி மறுபடி பூசுங்கள். காப்பிக்கடையில் அங்கே பலகை அடித்து மறைக்கக்கூடாது, நாற்காலி முதுகும் ஒரு கை தள்ளியே நிற்கட்டும்.

ஜனவரியில் மறுபடி நிறுங்கள். பழைய துளையிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் போடுங்கள், பழைய துளைகளைச் சுண்ணாம்பால் அடைத்துவிட்டு.